தேய்த்த பனியன்

ஈஸ்டர் அன்று மதியம், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள், நான் இனி எந்த ஊரில் வாழ வேண்டும் என்று என் கணவரும் என் மகனும் பந்தயம் கட்டினார்கள். என்னைக் கேட்கவில்லை. நான் அப்போது சமையலறையில் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன்.

பந்தயம் என்பது நான் சொல்லும் வார்த்தை. என் கணவர் ஆபேல் எங்கள் சபையின் செயற்குழுவில் இருக்கிறார், ஞாயிறு பள்ளியையும் நடத்துகிறார். அவர் பந்தயம் கட்டமாட்டார், அது பாவம். அதனால் அப்பாவும் பிள்ளையும் அதற்கு ‘உடன்படிக்கை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

என் மகன் ஷெர்வின் கேளம்பாக்கத்தில் பதினோராவது மாடியில் ஒரு பிளாட் வாங்கியிருக்கிறான். மூன்று படுக்கையறை. அதில் ஒன்றை எங்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அன்று அவன் வெறுங்கையோடு வரவில்லை. போன வருடம் கோடையில் இரண்டு மாதத்துக்கு எங்கள் சேலையூர் வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று போனில் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

“எண்ணூத்தி நாப்பது யூனிட்ப்பா. ரெண்டே பேரு. நாலு ரூம், மாடி, மோட்டாரு... யாருக்காக இந்த வீடு ஓடிக்கிட்டிருக்கு?”

“இந்தத் தடவை ஐநூறுக்குள்ள கொண்டுவந்து காட்டறேன்,” என்றார் இவர். “அப்ப என்ன சொல்லுவே?”

“கொண்டுவந்துட்டீங்கன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். ஐநூறைத் தாண்டிச்சுன்னா ஜூன் மாசம் ரெண்டு பேரும் கேளம்பாக்கம் வந்துடணும்.”

“சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உங்கம்மா இந்த வீட்டை விட்டு வரவே மாட்டா. பாத்துப் பாத்துக் கட்டின வீடுடா இது அவளுக்கு. நான் அவளுக்காகத்தான் சொல்றேன்.”

முந்திரி கருகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேளம்பாக்கம் போக ஆசை. கொள்ளை ஆசை. முப்பத்து நான்கு வருடம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான். ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்ற ஆறு வருடமாக ஒரே ஒரு ஆளோடு இருக்கிறேன். அந்த ஆளும் வாயைத் திறந்தால் வேத வசனம், இல்லாவிட்டால் செய்தித்தாள். போன கிறிஸ்துமஸுக்கு ஷெர்வின் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். லிஃப்டில் ஏறினால் மாடிக்கு ஒருவர் ஏறுகிறார், எல்லோரும் பேசுகிறார்கள். கீழே தோட்டத்தில் சாயங்காலம் பெண்கள் ஷட்டில் ஆடுகிறார்கள், பாயிண்ட் கணக்கைத் தப்பாகச் சொல்கிறார்கள், நான் திருத்துகிறேன். நாலு வயதுப் பேரன் ஜெபின் என்னை ‘எப்சி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த ஒரு வாரத்தில் பதினோரு பேரைத் திட்டினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா!

இங்கே என்ன இருக்கிறது? பதினேழு படிக்கட்டும், என் முழங்காலும், தினமும் காலையில் நான் கூட்டுவதற்காகவே இலை உதிர்க்கும் ஒரு மாமரமும்தான்.

அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு முன் இவர் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாட் பார்த்து வைத்திருந்தார். தனி வீடுதான் வேண்டும், அதுவும் இந்த மனையில்தான் வேண்டும் என்று ஆறு மாதம் சண்டை போட்டவள் நான். அழுதேன், பேசாமல் இருந்தேன், ஒரு தடவை என் அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். இவர் விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் தினமும் ஸ்டேஷனுக்கு சைக்கிள் மிதித்தார், ஒரு நாள்கூடக் குத்திக்காட்டவில்லை. இப்போது போய் ‘இந்த வீடு போதும்’ என்று எப்படிச் சொல்வது? விடையை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு அழித்தால் நானே மார்க் போடமாட்டேன்.

அதனால் இவர் தோற்றுவிடுவார் என்று சும்மா இருந்தேன். எண்ணூற்று நாற்பதை ஐநூறுக்குக் கொண்டுவருவதென்ன லேசா?

ஆனால் நான் ஆபேலைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே சிட்டிபாபு வந்தான். திருநீர்மலைப் பக்கத்து எலக்ட்ரீஷியன், கை ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். நாலு நாளில் வீட்டையே மாற்றிவிட்டான். பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டுக் கரண்ட் குறைவாக இழுக்கும் ரிமோட் ஃபேன் மாட்டினான். ஃபிரிட்ஜ், ஏசி, ஹீட்டர், வாஷிங் மெஷின் நான்குக்கும் நீல விளக்கு எரியும் ஒரு ஸ்மார்ட் பிளக். அது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று இவர் போனுக்குச் சொல்லும், இவர் போனில் தட்டினால் அணைந்தும் போகும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். ஹாலில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் விளக்கும் ஃபேனும் அணைந்துவிடும்.

“இன்னா மேடம் அப்டி பாக்குறீங்க? இனிமே உங்க வூடே உங்களைக் கேக்கும், இன்னாத்துக்கு இந்த லைட்டுன்னு,” என்றான் சிட்டிபாபு.

“ஏற்கெனவே அப்படிக் கேக்க ஒருத்தர் இருக்காருப்பா.”

எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாலில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதனிடம் பேசினால் சொன்னதைச் செய்யும். இவர் அதனோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், அதுவும் பிஷப் வந்தால் பேசும் ஆங்கிலம். ஒவ்வொரு தடவையும் ‘ப்ளீஸ்’ என்பார், முடிந்ததும் ‘தேங்க் யூ’ என்பார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் ஒரு காபிக்குக்கூட இவர் ப்ளீஸ் சொன்னதில்லை.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போயிற்று. ஹீட்டர் காலை ஆறிலிருந்து ஆறேகால் வரைதான். நான் ஆறு இருபதுக்குக் குளிக்கப் போனால் பச்சைத் தண்ணீர். ஏசி இருபத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்காது, இறக்கினால் இவர் போன் கத்தும். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில்தான் மாட்டிக்கொண்டார். இவர் ஜெபம் ஆரம்பித்தால் சபை, சபையின் வியாதியஸ்தர்கள், நாட்டை ஆள்கிறவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று ஒருவரையும் விடமாட்டார். நாங்கள் இருவரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, ஆடாமல் அசையாமல் இருந்தோம். பத்து நிமிடம் ஆனதும் வீட்டில் யாருமில்லை என்று அந்த சென்ஸார் முடிவு செய்துவிட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார், திறந்த பிறகும் இருட்டாகவே இருந்தது. “எப்சி!” என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், அடுத்த வீட்டில் கேட்டிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபம் ஒன்பது நிமிடத்தில் முடிகிறது. நாட்டை ஆள்கிறவர்களை விட்டுவிட்டார்.

இருபதாம் நாள் இவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். இந்த வேகத்தில் போனால் இரண்டு மாத முடிவில் நானூற்று எழுபது யூனிட்தான் வரும் என்று அதில் போட்டிருந்தது.

“பாத்தியா? உன் வீட்டை உனக்கே மீட்டுக் குடுத்துட்டேன்!” முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? “நல்லதுங்க,” என்றேன்.

அன்று மதியமே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நானூற்று எழுபது. ஐநூறைத் தாண்ட முப்பத்தொரு யூனிட் வேண்டும். மீதி நாற்பது நாள். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எதில் செலவு செய்வது? நீல விளக்கு உள்ள நான்கையும் தொட முடியாது. அப்போதுதான் மாடி அறை அலமாரியில் கிடந்த பழைய அயர்ன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. துணியெல்லாம் தெருமுனைக்குத் தேய்க்கப் போய்விடுவதால் அதை எடுத்தே பல வருடமாகிறது. நல்ல கனம். ஆயிரம் வாட். ஒரு மணி நேரம் போட்டால் நடுநடுவே அணைந்து அணைந்து எரிந்தாலும் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது.

இவர் தினமும் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை சபை நூலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஈ காக்கை வராது, ஆனாலும் போவார். அந்த நேரத்தில் வீட்டில் வேலை செய்யும் கிளியம்மாளும் நானும்தான். தினமும் பதினோரு மணிக்கு மாடிக்குப் போய், அயர்ன் பாக்ஸைப் போட்டேன்.

சும்மா சூடாக விட்டு வைக்க மனசு வரவில்லை. வீணடிப்பதற்கும் ஒரு மனசு வேண்டும், அது எனக்கு இல்லை. அதனால் தேய்த்தேன். முதல் வாரம் படுக்கை விரிப்பு, தலையணை உறை. இரண்டாவது வாரம் திரைச்சீலை. அப்புறம் துண்டு, கைக்குட்டை, கைப்பிடித் துணி, இவருடைய லுங்கி. கடைசியில் எதுவும் மிச்சமில்லாமல் இவருடைய பனியன்களை எடுத்தேன். கை வைத்த வெள்ளைப் பனியன், மொத்தம் ஆறு. ஒவ்வொன்றையும் விரித்து, கையை மடிப்பு விழத் தேய்த்து, நாலாக மடித்து, மறுபடி ஒரு இழுப்பு. சேலையூரில் மே மாதம், பதினோரு மணி, மாடி அறை, ஃபேன் போட்டால் கணக்கு குழம்பிவிடும் என்று ஃபேனும் இல்லை. நான் வேர்த்து வழிந்தேன். மோசடி செய்கிறவர்கள் இவ்வளவு பாடுபடுவார்களா என்று தெரியவில்லை.

இவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. விறைப்பாக நிற்கும் பனியனை மாட்டிக்கொண்டு, மடிப்புக் கலையாத லுங்கியைக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்க நடந்து நடந்து விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

கிளியம்மாள் கவனித்தாள். ஒரு நாள் மாடியைத் துடைக்க வந்தவள், நான் தேய்த்து அடுக்கிய கைப்பிடித் துணிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது? அடுப்புல புடிக்கிற துணிய போய் யாராவது தேய்ப்பாங்களா?”

“சும்மா இரு. சாருக்குத் தெரிய வேணாம்.”

“எனக்கு இன்னாத்துக்குக்கா அதெல்லாம்?” என்று துடைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். அப்படியொரு பெண் அவள்.

ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருந்தது. அன்று இவர் பதினொன்றேகாலுக்கே நூலகத்தைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சத்தம் கேட்டு, சுடச்சுட அயர்ன் பாக்ஸை மாடிக் குளியலறை ஜன்னலில் நிறுத்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பதினேழு படியும் இறங்கினேன். இவர் ஹாலின் நடுவே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளியம்மாள் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“நின்னுடுச்சு. நான் வந்ததும் நின்னுடுச்சு,” என்றார்.

“எதுங்க?”

அன்று சாயங்காலம்தான் விஷயத்தைச் சொன்னார். சிட்டிபாபு நான்கு பிளக் மட்டும் மாட்டவில்லை. நான் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், மெயின் வயரையே கவ்விக்கொண்டிருக்கும் ஒரு கிளிப்பையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் எந்த மூலையில் எது ஓடினாலும் அது மொத்தத்தையும் எழுதி வைக்கும். அந்த நானூற்று எழுபதும் அது சொன்னதுதான். போனில் ஒரு படம் காட்டினார். நாள் முழுவதும் கோடு தரையோடு தரையாகப் போகிறது. பதினோரு மணிக்கு மட்டும் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. நேற்றும் அப்படி, அதற்கு முந்தின நாளும் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

“சிட்டிபாபுகிட்ட கேட்டேன். ஆயிரம் வாட்டு சார், அயர்ன் பாக்ஸா இருக்கும்னான்.” குரலைத் தாழ்த்தினார். “பதினோரு மணிக்கு நம்ம வீட்டுல யாரு இருக்கா, எப்சி? ஞாயித்துக்கிழமை யாரு வர்றதில்ல?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவிலுக்குப் போய்விடுவோம், அதனால் நான் தேய்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளியம்மாளுக்கும் லீவு.

“அவளா? போங்க. அவ அப்படிப்பட்டவ இல்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலியே. பாவம், வீட்டுத் துணிய எடுத்துட்டு வந்து தேய்க்கிறா போல. நாளைக்குப் பக்குவமா கேக்கறேன். ரெண்டு யூனிட்டு கூடினா வீடு போயிடும், எப்சி. இல்லேன்னா இதையெல்லாம் நான் கண்டுக்குவேனா?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளைகளை முட்டி போட வைத்த எப்சி டீச்சர், தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு, இட்லிக்கு மாவு கரைக்கப் போய்விட்டாள். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் இவர் நூலகத்துக்குப் போகவில்லை. லுங்கியும் பனியனுமாக, கையில் போனோடு, கிளியம்மாளுக்காகக் காத்திருந்தார். அவள் பத்தரைக்கு வந்து செருப்பை விட்டதும் தொண்டையைச் செருமினார். நான் ஓடி வந்து குறுக்கே நிற்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“கிளியம்மா, உங்க வீட்டுல அயர்ன் பாக்ஸ் இருக்காம்மா?”

“இல்லியே சார். இன்னாத்துக்கு?”

“இல்ல... இல்லேன்னா துணியெல்லாம் எங்க தேய்க்கிற?”

“துணிய யாரு சார் தேய்க்கிறாங்க எங்க வூட்ல? ஒதறி போட்டுகினு போவ வேண்டியதுதான்.”

“அதுக்கில்லம்மா. தினமும் பதினோரு மணிக்கு இங்க ஒரு அயர்ன் பாக்ஸ் ஓடுது. தப்பா எடுத்துக்காத. கரண்ட் கொஞ்சம்...”

“நில்லு சார்.” கிளியம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “ஒம்போது வருஷமா வந்துகினு கீறேன். ஒரு ஸ்பூனு காணாம போச்சா உங்க வூட்ல? எங்க வூட்டுத் துணிய எடுத்தாந்து இங்க தேய்க்கிறனா நானு?”

“கிளியம்மா, நான் அப்படி...”

“எனக்கு வேற நாலு வூடு கீது சார். போறேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ போட்டுகினு கீற பனியன கொஞ்சம் குனிஞ்சு பாரு. அதை யாரு தேச்சாங்க? நானா தேச்சேன்?”

இவர் குனிந்து பார்த்தார். வலது கையைத் தூக்கி அதன் மடிப்பைப் பார்த்தார். கத்தி வைத்தாற்போல் ஒரு கோடு. இடது கையிலும் ஒரு கோடு. லுங்கியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார், அது நாலு மடிப்பில் அட்டை போல் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நான்தாங்க,” என்றேன்.

கிளியம்மாளிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். நேற்றே சொல்லாதது என் தப்பு என்றேன். இவரும் கையைக் கூப்பினார். “மன்னிச்சுடும்மா. புத்தி கெட்டுப் போச்சு எனக்கு.” அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசிக்கினா எனக்கு இந்தப் பேஜாரே இல்ல,” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அவள் சொன்னபடியே பேசினோம். பேசினேன் என்று சொல்ல வேண்டும், இவர் கேட்டார். லிஃப்ட், ஷட்டில், ஜெபின், முழங்கால், மாமரம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்ட ஆரம்பித்ததும் கோபமும் வந்துவிட்டது. “எனக்காக எனக்காகன்னு சொன்னீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களும் உங்க பிள்ளையும் ஹால்ல உக்காந்துகிட்டு என்னைப் பத்தி உடன்படிக்கை பண்றீங்க. நான் உள்ள முந்திரி வறுக்கிறேன்!”

“நீதானே எப்சி இந்த வீடு வேணும்னு அன்னைக்கு...”

“அன்னைக்கு எனக்கு முப்பத்தி நாலு வயசு!”

இவர் குனிந்துகொண்டார். பனியனின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கோபித்துக்கொண்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் அயர்ன் பாக்ஸைத் தொடவில்லை. மீதி இருந்த ஆறு நாளில் இவர் நடந்துகொண்டதுதான் விசித்திரம். ஸ்பீக்கரை அணைத்து அலமாரியில் வைத்தார். ஹால் விளக்கைப் பட்டப்பகலில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்து அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி வந்து அணைத்தார். மதியம் ஏசியை இருபத்து மூன்றில் வைத்துப் படுத்தவர், கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, யாரோ திட்டினது போல் முகத்தை வைத்துக்கொண்டு இருபத்தேழுக்கு ஏற்றினார். என் மேல் இருக்கும் கோபத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ரீடிங் எடுக்கிறவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். இவர் அவரோடு மீட்டர் பெட்டிவரை போனார். நான் வாசல் கதவருகே நின்றேன்.

“நானூத்தி தொண்ணூத்தி எட்டு சார்,” என்றார் அவர். “பெரிய வீடு, பரவாயில்லையே!”

ஆபேல் ஜெயித்துவிட்டார். இரண்டு யூனிட்டில். சரி, இனி சாகிறவரை மாமரத்து இலை என்று நினைத்தேன். ஜெயித்தவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மீட்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அந்த மனிதர் போன பிறகும் நிற்கிறார். அப்புறம் உள்ளே வந்து, நான் கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து ஷெர்வினுக்குப் போன் போட்டார்.

“ரீடிங் எடுத்துட்டாங்கடா.” பனியனின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஐநூத்தி மூணு.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆபேல் பொய் சொல்கிறார். கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் ‘டிராஃபிக்’ என்று சொல்லத் தெரியாமல் ‘தூங்கிட்டேன்’ என்று சொல்கிற மனிதர். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைக்கிறவர். அப்போதுதான் அந்த ஆறு நாளும் எனக்கு விளங்கியது. கோபமில்லை. எனக்காகத் தோற்கப் பார்த்திருக்கிறார். விளக்கைப் போட்டும், ஏசியைக் குறைத்தும் கரண்டை வீணடிக்கப் பார்த்து, இரண்டு மாதப் பழக்கத்தில் கை கேட்காமல் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய் அணைத்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் பொய்க்கு வந்து நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போய்ப் போனைப் பிடுங்கினேன்.

“ஷெர்வின், அம்மா பேசறேன். நானூத்தி தொண்ணூத்தி எட்டு. உங்கப்பா ஜெயிச்சுட்டாரு. அவரு சொன்னதை நம்பாத, எனக்காகப் பொய் சொல்றாரு. இப்ப நான் சொல்றதைக் கேளு. உங்க உடன்படிக்கை எனக்குச் சம்பந்தமில்லாதது. எனக்கு அங்க வரணும். ஆசையா இருக்கு. அதனால வரேன்.”

“அம்மா, இதை ஈஸ்டர் அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றான்.

“நீ கேட்டியா?”

“கேக்கலை,” என்றான், நல்ல பிள்ளை. “அப்பா? அப்பா என்ன சொல்றாரு?”

திரும்பிப் பார்த்தேன். இவர் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். ‘என்னைக் கேட்கவில்லை, கேட்கவில்லை’ என்று இரண்டு மாதமாக நான் புழுங்கிக்கொண்டிருந்தேனே, இவரை நான் கேட்டேனா? எனக்காகத்தான் வீடு, எனக்காகத்தான் வீடு என்று இவர் சொன்னதை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீங்க என்ன சொல்றீங்க? எனக்காக இல்ல. உங்களுக்கு?”

“எனக்குப் பயமா இருக்கு எப்சி. உனக்கு அங்க பேச ஆள் இருக்கு, பேரன் இருக்கான். எனக்கு என்ன வேலை அங்க? இங்கன்னா மோட்டார் இருக்கு, நூலகம் இருக்கு. காலையில எழுந்தா செய்யறதுக்கு ஏதாவது இருக்கு. அங்க போய் ஒரு சோபாவுல உக்காந்துகிட்டு, மருமக வழி விட்டுப் போகணும்னு காலை மடக்கிக்கிட்டே இருக்கணுமா?”

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இவர் ‘பயமா இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, தேற்றிப் பழக்கமில்லை, திட்டித்தான் பழக்கம். போன் இன்னும் காதில்தான் இருந்தது. சட்டென்று ஒன்று தோன்றியது.

“டேய் ஷெர்வின், உங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு யூனிட்டு ஓடுது?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“சொல்லுடா.”

“அது வந்து...” இழுத்தான். “போன தடவை ஆயிரத்தி நூத்தி அறுபது.”

ஸ்பீக்கரில் போட்டு, மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான்.

“ஆயிரத்து நூத்தி அறுபதா?” நாற்காலியிலிருந்து இவர் நிமிர்ந்தார். ஆறு நாளாகக் காணாமல் போயிருந்த குரல் திரும்பி வந்தது. “ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை. ஆயிரத்து நூத்தி அறுபது! என்கிட்ட வந்து எண்ணூத்தி நாப்பதுக்கு நியாயம் கேட்டியாடா நீ?”

“அப்பா, அது மூணு ஏசி...”

“எத்தனை டிகிரியில வைக்கிறீங்க?”

“பத்தொம்போது,” என்றான் ஷெர்வின், முனகலாக.

இவர் எழுந்தே விட்டார். “போனைக் குடு எப்சி,” என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய்ப் பயணப் பெட்டியை இறக்கினேன்.